மண் மழையில் கரையும் என்ற வாதம்

இந்தியாவின் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடுகளை அவற்றின் சுவரும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதைக் கொண்டு நிரந்தரமானவை, பாதி நிரந்தரமானவை, தற்காலிகமானவை என மூன்றாகப் பிரித்தபோது, தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் நிரந்தரச் சுவர்ப் பொருள்களின் வரிசையில் சேர்த்து, மண்ணையும் சுடாத செங்கல்லையும் தற்காலிகத்தின் பக்கம் தள்ளியது. நண்பகலில் மனிதர் உள்ளே உட்கார முடியாத தகரக் கொட்டகை நிரந்தரமானது என்றும், முழங்கை நீளத் தடிப்புள்ள மண்சுவர் தற்காலிகமானது என்றும் ஓர் அரசு ஆவணம் வகுத்தது வெறும் கணக்கு வசதிக்காக என்று கடந்துவிட முடியாது. வீட்டுக்குச் சொன்ன அந்த இலக்கணமே ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் சமுதாயக்கூடத்துக்கும் விதியாகிவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் காங்கிரீட்தான், மண் என்பது ஏழ்மையின் மிச்சம் என்ற பேச்சு பொறியாளர் அறைகளிலும் திறப்புவிழா மேடைகளிலும் பல ஆண்டுகளாக மறுப்பின்றி ஒலித்து வருகிறது.

மண்ணுக்குத் தர அளவுகோல் இல்லை என்பது இவ்வாதத்தின் ஒரு கால். மண்ணோடு சிறிதளவு சிமென்ட்டோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்தி வார்க்கும் கட்டுமானக் கல்லுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் 1725ஆம் எண் விதிநூல் இருக்கிறது. அது 2013இல் திருத்தியும் வெளியிடப்பட்டது. அதைப் படிக்காதவர் அது இல்லை என்று சொல்வது வாதமாகாது.

மண் மழையில் கரையும் என்பதே மண்ணை மறுப்போர் கடைசியில் வந்து நிற்கும் இடம். நீரால் மண்சுவர் கெடும் முதன்மையான வழிகள் மூன்று: சாய்ந்து விழும் சாரல் சுவரின் முகத்தை அரிக்கிறது, தரையில் விழுந்து தெறிக்கும் நீர் அடிப்பகுதியைத் தின்கிறது, நிலத்தடி ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. அகன்ற இறவாரம் முதலாவதையும், உயர்த்திக் கட்டிய கல் அல்லது செங்கல் அடித்தளம் இரண்டாவதையும், அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே நீர் ஏறாதபடி பரப்பப்படும் ஈரத்தடுப்பு அடுக்கு மூன்றாவதையும் தடுக்கின்றன. ஆகவே கரையும் மண்சுவரைக் கண்டால் கேட்க வேண்டியது மண்ணைப் பற்றிய கேள்வியன்று, அதற்குக் கூரையும் காலும் தராமல் விட்ட வடிவமைப்பைப் பற்றிய கேள்வியே.

மழைக்குப் பெயர்போன வங்கதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ராபூரில், அன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரோஸ்வாக்கும் வடிவமைத்த பள்ளி, 2005-06 ஆண்டுகளில் இதே முறையில் எழுந்தது. செங்கல் அடித்தளம், அதன்மேல் ஈரத்தடுப்பு அடுக்கு, மாடுகள் மிதித்துக் குழைத்த மண்ணும் வைக்கோலும் கலந்த தடித்த கீழ்த்தளச் சுவர், மூங்கிலால் ஆன இலேசான மேல்தளம் என்று, அந்நிலத்தில் விளைவதும் தோண்டினால் கிடைப்பதுமே அதன் பெரும்பகுதி. 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற அக்கட்டடத்தின் சுவர்கள், நம் கணக்கெடுப்பின் அளவுகோலில் தற்காலிகப் பொருளால் ஆனவை.

புர்க்கினா ஃபாசோவின் காண்டோ ஊரில் பிரான்சிஸ் கேரே 2001இல் கட்டிமுடித்த தொடக்கப்பள்ளி இன்னும் தெளிவான விடை. அவ்வூராரும் மண் மழைக்குத் தாங்காது என்றே முதலில் அஞ்சினர். கேரே, சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கற்களால் சுவர் எழுப்பி, துளைவிட்டு அடுக்கிய அதே வகைக் கற்களால் உட்கூரை அமைத்து, சாதாரணக் கட்டுமானக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டங்களின்மேல் தகரக் கூரையைச் சுவரைவிட்டு உயர்த்தி, வெளியே நீளத் துருத்த வைத்தார். அந்த நீட்சி மழையைச் சுவருக்கு எட்டாமல் நிறுத்துகிறது. தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே ஓடும் காற்று, வகுப்பறையின் வெப்பத்தைத் துளைகள் வழியே இழுத்து வெளியேற்றுகிறது. வெப்பம் 40 பாகையைத் தாண்டும் அந்நிலத்தில் நேரடியாகத் தலைக்குமேல் வேய்ந்த தகரம் பிள்ளைகளை வாட்டும். அதே தகரம் உயரத் தள்ளி வைக்கப்பட்டதும் மின்சாரம் இல்லாமலே அறையைக் குளிர்விக்கும் கருவியாகிறது. பொருளின் பெயரை வைத்து நிரந்தரம் பேசும் பட்டியலில் இந்த இடைவெளிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கேரேக்கு வழங்கப்பட்டது.

காங்கிரீட்டின் நிரந்தரமும் ஆராயத் தக்கதே. கடலோரக் காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்போது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்து உள்ளிருந்தே பிளப்பதால், காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கடற்கரை ஊர்களின் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் இக்காட்சி அனைவரும் அறிந்தது. மண்சுவரின் வெடிப்பை ஊரில் யாரும் பூசலாம், ஆனால் துருவேறிய தளத்தை ஊரார் என்ன செய்ய முடியும்? மாலி நாட்டு ஜென்னே நகரில் 1907இல் மீளக் கட்டப்பட்ட பெரும் மண் பள்ளிவாசலை நகர மக்களே திரண்டு பூசிக் காக்கிறார்கள். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பனைக் கட்டைகளே அவர்கள் ஏறி நிற்கும் சாரம். பராமரிப்பு தேவைப்படுவதைக் குறையாகச் சொல்வோர், பராமரிக்கவே முடியாததை நிரந்தரம் என்கிறார்கள்.

எங்கும் ஒரே மாதிரி வரைபடம் போதும் என்ற துணைவாதம் நிலத்துக்கு இழைக்கும் தீங்கு இன்னும் பெரிது. சமதரையை எண்ணி வரைந்த சமுதாயக்கூடத்தைச் சரிவில் கட்ட, முதலில் ஜேசிபி வந்து சரிவை வெட்டுகிறது. வெட்டிய பக்கம் மழைநீர் சுவரின் முதுகில் தேங்குகிறது, நிரப்பிய பக்கம் மண் இறங்கித் தரை வெடிக்கிறது, இரண்டுக்கும் இடையே ஓடிய இயற்கை நீர்வழி அடைபடுகிறது. திருவனந்தபுரம் உள்ளூரில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இதற்கு எதிர்வழி சென்றது. கட்டடங்கள் சரிவின் போக்கில் ஏறி இறங்குகின்றன, மரங்கள் நின்ற இடத்தில் சுவர் வளைகிறது, கண்ணாடிச் சன்னல்களின் இடத்தைச் செங்கல் துளைச்சுவர்கள் பிடித்துக்கொள்கின்றன. பேக்கர் காங்கிரீட்டை அறவே விலக்கியவரும் அல்லர். கூரைத் தளத்தின் கீழ்ப்பாதியில் காங்கிரீட் சுமைதாங்க உதவாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமென்ட்டையும் கம்பியையும் குறைத்த நிரப்புத் தளத்தை அவர் பரப்பினார்.

பயிற்சி பெற்ற ஆட்கள் கிடையாது என்ற கடைசி மறுப்புக்குக் காண்டோவிலேயே விடை உண்டு. அங்கே கல் சுமந்தும் மண்கல் அழுத்தியும் தரையை அடித்து இறுக்கியும் தொழில் கற்றவர்கள் ஊராரே. 2004இல் ஆசிரியர் குடியிருப்பும், 2008இல் பள்ளியின் விரிவாக்கமும் அவர்கள் உழைப்பிலேயே எழுந்தன.