குறைப்பிரசவமும் தாயின் இரத்தப் புரதங்களும்

கருவுற்று 37 வாரம் நிறையும் முன் நிகழும் பிரசவம் குறைப்பிரசவம். 2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒரு குழந்தை, இவ்வாறு பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இந்த எண்ணிக்கை இவ்வளவு இல்லை. ஐந்து வயதுக்குள் நேரும் இறப்புகளுக்கு முதற்காரணமும் குறைப்பிரசவச் சிக்கல்களே. ஆபத்தை முன்கூட்டி அறிய மருத்துவர்கள் பெரிதும் நம்புபவை இரண்டு: முன்பு குறைப்பிரசவம் நடந்திருப்பதும், நடுக்கர்ப்பத்தில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவதும். தலைப்பிரசவத்துக்கு முதல் அடையாளம் உதவாது. இரண்டாவது அடையாளம் குறைப்பிரசவம் ஆகும் பெண்களில் சிலரிடம் மட்டுமே தென்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தாயின் இரத்தப் புரதங்கள் ஆராயப்படுகின்றன.

குறைப்பிரசவம் ஒரே நோய் அல்ல. மூன்றில் இரண்டு பங்கு தானாக நிகழ்கிறது: பனிக்குடம் உடையாமலே வலி கண்டோ, வலி காணும் முன் பனிக்குடம் உடைந்தோ. எஞ்சிய பங்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய், கருவளர்ச்சிக் குறைவு போன்ற காரணங்களால் மருத்துவரே பிரசவத்தை முன்கூட்டி நடத்துவது. தானாக நிகழ்வதன் பின்னேயும் தொற்றும் அழற்சியும், நச்சுக்கொடியின் கோளாறு, கருப்பை உட்சவ்வில் இரத்தக்கசிவு, இரட்டைக்கருவால் கருப்பை மிகையாக விரிதல் எனப் பல பாதைகள் உண்டு. ஒவ்வொரு பாதையும் இரத்தத்தில் வெவ்வேறு புரதங்களை மாற்றுகிறது. எனவே ஒரு புரதத்தின் அளவு எந்தப் பாதையைக் காட்டுகிறது என்பது தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இரத்தத்தில் புரதத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. பிளாஸ்மாவில் அல்புமின் டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கிறது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு நூறுகோடி மடங்குக்கும் மேல். கர்ப்பத்தில் பிளாஸ்மாவின் கன அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுவதால் பல புரதங்கள் நீர்த்துப்போகின்றன. நச்சுக்கொடி சுரப்பவை வாரத்துக்கு வாரம் ஏறுகின்றன. தாயின் உடல் எடை கூடினால் அதே சுரப்பு குறைந்த செறிவாகத் தெரிகிறது. வாரத்தையும் எடையையும் சரிக்கட்டி, அதே வாரத்தின் நடுமதிப்பின் எத்தனை மடங்கு என்று சொல்லாத முடிவை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது.

நச்சுக்கொடியிலிருந்து வரும் புரதங்களில் முதலில் கவனிக்க வேண்டியது பாப்-ஏ. 11 முதல் 13 வாரத்தில் டவுன் நோய்க்குறிக்காகச் செய்யப்படும் டபுள் மார்க்கர் பரிசோதனையில் இது ஏற்கெனவே அளக்கப்படுகிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளைப் பிணைத்துவைக்கும் ஐஜிஎஃப்பிபி-4 என்னும் புரதத்தை வெட்டும் நொதிதான் பாப்-ஏ என்பது 1999-இல் நிறுவப்பட்டது. பாப்-ஏ குறைந்தால் வளர்ச்சிக் காரணிகள் பிணைப்பிலேயே நின்றுவிடும்; நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஊன்றுவது மெலியும். குரோமோசோம் சரியாக இருந்தும் பாப்-ஏ மிகக் குறைந்தவர்களிடம் கருவளர்ச்சிக் குறைவு, ப்ரீ-எக்லாம்ப்சியா, குறைப்பிரசவம் மூன்றும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பிரிட்டனின் மகப்பேறியல் கல்லூரி, நடுமதிப்பின் 0.415 மடங்குக்குக் கீழான அளவைச் சிறுத்த குழந்தை பிறப்பதற்கான பெரிய ஆபத்துக் காரணியாகத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. டவுன் நோய்க்குறி ஆபத்து குறைவு என்ற வரியைப் படித்ததும் அறிக்கையை மூடிவிடும் வழக்கம் இந்தத் தகவலை வீணாக்குகிறது. அதேபோல், நரம்புக்குழாய்க் குறைபாடு இல்லாமலே, கரு சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் தாயின் இரத்தத்தில் நடுக்கர்ப்பத்தில் உயர்ந்திருந்தால், நச்சுக்கொடியின் தடுப்பு தளர்ந்திருக்கலாம் எனக் கொண்டு கண்காணிப்பைக் கூட்ட வேண்டும்.

மருத்துவரே நடத்தும் குறைப்பிரசவங்களின் முக்கியக் காரணமான ப்ரீ-எக்லாம்ப்சியாவில்தான் இரத்தப் புரதங்கள் மிகத் தெளிவான பலன் தந்துள்ளன. நச்சுக்கொடி மிகையாக வெளியிடும் எஸ்எஃப்எல்டி-1 என்னும் புரதம், இரத்தக்குழாய் வளர்ச்சிக்குத் தேவையான பிஎல்ஜிஎஃப்பைப் பிடித்துக்கொள்வதே நோயின் நடுநிகழ்வு என்பதை பாஸ்டனில் ஆனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல் காட்டியது. 2016-இல் வெளிவந்த ப்ரோக்னோசிஸ் ஆய்வில், நோய்ச் சந்தேகம் உள்ள பெண்ணிடம் இவ்விரண்டின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தபோது, அடுத்த ஒரு வாரத்தில் நோய் வராது என்ற கணிப்பு 99.3 சதவீதம் சரியாக இருந்தது. விகிதம் 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் 36.7 சதவீதமே. ‘இல்லை’ என்று சொல்வதில் வலிமை, ‘உண்டு’ என்று சொல்வதில் தயக்கம் என்னும் இந்தச் சமமின்மை, குறைப்பிரசவப் புரதச் சோதனைகள் பலவற்றிலும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

தானாக நிகழும் குறைப்பிரசவத்துக்கென முன்வைக்கப்பட்ட இரத்தச் சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது ஐஜிஎஃப்பிபி-4-க்கும் எஸ்ஹெச்பிஜிக்கும் இடையிலான விகிதம். முன்னது பாப்-ஏ வெட்டும் அதே புரதம். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது கல்லீரல் அதிகம் சுரப்பதும், அழற்சியில் குறைவதும் பின்னது. ஆக, நச்சுக்கொடியின் வளர்ச்சியும் தாயின் உடலில் உள்ள அழற்சியும் ஒரே எண்ணில் சேர்கின்றன. அமெரிக்காவில் சுமார் 5,500 பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 19, 20-ஆம் வாரங்களில் எடுத்த இரத்தத்தில், உடல்நிறை எண்ணையும் கணக்கில் கொண்டபோது, இந்த விகிதத்தின் உணர்திறன் 75 சதவீதமாகவும் தனித்தன்மை 74 சதவீதமாகவும் இருந்தன.

இந்த எண்களை வெளிநோயாளர் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் பெண்களில் 60 பேருக்குத் தானாகக் குறைப்பிரசவம் நிகழும் எனக் கொண்டால், சோதனை அவர்களில் 45 பேரைச் சரியாகக் காட்டும். குறைப்பிரசவம் ஆகாத 940 பேரில் ஏறக்குறைய 244 பேரையும் ஆபத்துள்ளவர்கள் என்று காட்டும். சோதனை நேர்மறையான 289 பேரில் உண்மையான ஆபத்து உள்ளவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. எதிர்மறை முடிவு கிடைத்தவர்களிலோ 98 சதவீதம் பேருக்குத் தானாகக் குறைப்பிரசவம் ஆகாது. ஆனால் சோதனையே இல்லாமலும் 94 சதவீதம் பேருக்கு ஆகாது என்பதை மறக்கக்கூடாது.

அழற்சிப் பாதையில் வேறு வகைத் தடை. தானாக நிகழும் குறைப்பிரசவங்களில் கால்பங்குக்குக் குறையாதவற்றுக்குப் பின்னே கருப்பைக்குள் தொற்று இருப்பதாகக் கருதப்படுகிறது. பனிக்குட நீரில் இன்டர்லூகின்-6 உயர்ந்திருந்தால் அங்கே அழற்சி உண்டு என்பது உறுதி. அந்த அழற்சி பனிக்குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது தாயின் இரத்தத்தில் அளவு இயல்பாகவே இருக்கலாம். கல்லீரல் சுரக்கும் சிஆர்பியோ ஈறு வீக்கம், சிறுநீர்ப்பாதைத் தொற்று, உடற்பருமன் எதனாலும் ஏறும். பனிக்குடம் உடைந்த பெண்ணிடம் தொற்றை அறிய சிஆர்பி, வெள்ளணு எண்ணிக்கை, கருவின் இதயத்துடிப்புப் பதிவு எதையும் தனியாக நம்பாமல், நோயாளியின் நிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் கூறுவது இதனால்தான். கருப்பை உட்சவ்வில் இரத்தம் கசியும்போது உருவாகும் த்ராம்பின், தசையைச் சுருங்கத் தூண்டிச் சவ்வையும் நலிவிக்கிறது. த்ராம்பின்–ஆன்டித்ராம்பின் கூட்டின் அளவு இந்தப் பாதையைக் காட்டினாலும், இரத்தம் எடுக்கும் முறையிலேயே அது மாறிவிடுவதால் அன்றாடச் சோதனையாகவில்லை.

ஒரே துளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளக்கும் முறைகள் வந்தபின் ஆய்வு வேறு திசையிலும் நகர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வலி காண்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அழற்சியைக் கட்டுப்படுத்தும் ஐஎல்-1ஆர்4 என்னும் கரையும் ஏற்பி இரத்தத்தில் வேகமாக ஏறியது. நிறைமாதத்திலும் குறைமாதத்திலும் இந்த ஏற்றம் காணப்பட்டது. தொலைதூர ஆபத்தைச் சொல்லும் புரதங்களும், பிரசவம் நெருங்கிவிட்டதைச் சொல்லும் புரதங்களும் வேறு வேறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. முன்னவை தடுப்புக்கு உதவும். பின்னவை கருவின் நுரையீரலை முதிர்விக்கும் ஸ்டீராய்டு ஊசி, உயர்சிகிச்சை மருத்துவமனைக்கு மாற்றுதல் ஆகியவற்றின் நேரத்தைத் தீர்மானிக்க உதவும்.

கணிப்புக்குப் பின் செய்வது என்ன என்பதே எந்தச் சோதனைக்கும் இறுதி உரைகல். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், முதன்முறை கருவுற்றோருக்குத் தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் தந்தபோது குறைப்பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானது. இங்கே எந்தப் புரதச் சோதனையும் தேவைப்படவில்லை. ஐஜிஎஃப்பிபி-4 விகிதத்தால் தேர்ந்த பெண்களுக்கு யோனிவழி புரோஜெஸ்டிரான், ஆஸ்பிரின், செவிலியரின் தொடர் தொலைபேசி அழைப்பு மூன்றையும் சேர்த்து வழங்கிய ஆய்வில் பலன் தெரிந்தாலும், அதில் எது வேலை செய்தது என்பதைப் பிரித்தறிய வழியில்லை. தவறான கணிப்புக்கும் விலை உண்டு. குறைப்பிரசவ ஆபத்து உள்ளதாகக் கருதப்பட்ட பெண்களுக்குச் சமூக அளவில் ஸ்டீராய்டு பரவலாக வழங்கி, 2015-இல் முடிவு வெளியிட்ட ஆக்ட் ஆய்வில், மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 3.5 கூடியது.

இந்தியச் சூழலில் முதல் தேவை கரு வயதைச் சரியாகக் கணிப்பது. பாப்-ஏ முதல் மூன்று மாதத்தில் வேகமாக ஏறுவதால், கடைசி மாதவிடாய்த் தேதியில் ஒரு வாரம் பிசகினாலும் நடுமதிப்பின் மடங்கு தவறாகிவிடும். ஹரியானாவின் குருகிராமில் 2015 முதல் கர்ப்பிணிகளைத் தொடரும் கர்ப்-இனி ஆய்வின் தரவைக் கொண்டு, ஐஐடி மெட்ராஸும் ஃபரீதாபாத்தின் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனமும் இந்தியப் பெண்களுக்கான கரு வயதுக் கணிப்பு மாதிரியை உருவாக்கியுள்ளன. புரத அளவுகளின் நடுமதிப்புகளையும் இதேபோல் இங்குள்ள பெண்களிடமிருந்தே வகுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு இரத்தம் அனுப்பும்போது ஸ்கேன் வழிக் கரு வயதையும், எடையையும், ஒற்றைக்கருவா இரட்டைக்கருவா என்பதையும், ஹெபரின் ஊசி போடப்படுகிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹெபரின் எஸ்எஃப்எல்டி-1-ஐ உயர்த்தும். ஒரு கருவியின் வரம்பு எண்ணை இன்னொரு கருவியின் முடிவுக்குப் பொருத்தக்கூடாது. இன்றைய நிலையில் ப்ரீ-எக்லாம்ப்சியா சந்தேகத்தில் எஸ்எஃப்எல்டி-1–பிஎல்ஜிஎஃப் விகிதமும், முதல் மூன்று மாதத்தில் பாப்-ஏயும் நடைமுறைக்குத் தகுதியானவை. மற்றப் புரதங்களை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுச்சோதனையாக வைக்க இதுவரையான சான்று போதாது. அவற்றின் இடம், கருப்பை வாய் அளவோடும் முந்தைய வரலாற்றோடும் சேர்த்து மதிப்பிடும் ஆய்வுகளுக்குள்ளேதான்.