மலைநாட்டு மனையும் எரிபொருட் சிக்கனமும்

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையிற் செல்வோர், நமுனுகுல மலைச்சாரலில், தேயிலைப் பசுமைக்கிடையே நீளநீளமாய்க் கிடக்கும் தகரக் கூரைகளைக் காணாதிருத்தல் இயலாது. மாலை வேளையில் அக்கூரைகளின் இடுக்குகளினூடே புகை எழும். தூரத்தே நின்று நோக்குவார்க்கு அஃது அழகிய காட்சி. உள்ளே இருந்து இருமுவார்க்கு அவ்வாறன்று.

பசுமைக் கட்டடம் என்னுஞ் சொல் இந்நாளிற் பெரிதும் வழங்குகின்றது. துல்கிரியவில் 2008 ஆம் ஆண்டில் எழுந்த ஆடைத் தொழிற்சாலை ஒன்று, இயற்கைக் காற்றையும் பகலொளியையும் துணைக்கொண்டு மின்செலவைக் குறைக்கும் வகையில் அமைக்கப்பட்டு, உலகோர் கவனத்தைப் பெற்றது. அது பாராட்டத்தக்கதே. ஆயினும், இத்துறையில் நிகழும் பேச்சுக்கள் பெரும்பாலும் வெயிலை விலக்குவதைப் பற்றியனவாகவே இருக்கின்றன. ஊவா மலைத்தோட்டங்களில் வாழ்வோர்க்கு வேண்டுவது அதன் மறுதலை. பகலிற் பெற்ற வெம்மையை இரவிற் காப்பது எங்ஙனம், புகையைப் போக்கி அனலை நிறுத்துவது எங்ஙனம் என்பனவே இங்குள்ள வினாக்கள். ஆதலின், சமவெளிக்கென வரைந்த வீட்டுப் படத்தை மலையிற் கொண்டுவந்து நாட்டுவது தவறு என்பது எமது கருத்து.

இங்கே எரிசக்திச் சிக்கனம் என்பது மின்விளக்கை அணைப்பதோடு முடிவதன்று. தோட்டக் குடும்பம் பலவற்றில் விறகே முதன்மையான எரிபொருள். கவ்வாத்து மிலாறும் காட்டு விறகும் பெரும்பாலும் பெண்களின் தலைச்சுமையாகவே வீடு வந்து சேர்கின்றன. பகல் முழுதும் கொழுந்து பறித்தவள் மாலையில் விறகுக் கட்டோடு ஏற்றம் ஏறுகிறாள். மாதமுடிவிற் பட்டியல் வராத செலவாதலின் அதை நாம் செலவென்றே எண்ணுவதில்லை. 2022 ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோதும், சமையல் வாயு கிடையாதபோதும், நகரத்தாரும் விறகின் அருமையைச் சிறிது உணர்ந்தனர். புகையின் கேட்டையும் உணர்ந்திருப்பர். வீட்டுக்குள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

லயத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. கோப்பிக் காலத்திலே தோன்றித் தேயிலைக் காலத்திலே பெருகியது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பிரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் காற்று ஒரு வழி புகுந்து மறு வழி வெளியேற இடமில்லை. அதன் கூரையாகிய தகரம் வெயிலில் விரைந்து சூடேறும். இரவிலே அதனினும் விரைந்து குளிரும். உள்ளிருப்போர் மூச்சிலும் உலைநீரிலும் எழும் ஈரம் அக்குளிர்ந்த தகரத்திற் பட்டு நீராகி, விடியற்காலையிற் பாயின்மேற் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று அதனைப் பழிப்பார் பலர். மழையே பெய்யாத நாளிலும் ஒழுகும் கூரை அது!

இதற்கு மருந்து அரியதன்று. தகரத்தின் கீழே, சிறிது இடைவெளி விட்டு, பலகையாலோ மூங்கிற் பாயாலோ ஓர் உட்கூரை அமைத்தல் வேண்டும். நடுவே அகப்பட்ட காற்று போர்வைபோல் நின்று வெம்மையைக் காக்கும். உரச்சாக்குகளைத் தைத்து மேலே கட்டியிருக்கும் குடும்பங்களைக் கண்டு சிலர் நகைப்பர். நகைக்க வேண்டா, பௌதிக நூல் கூறும் உண்மையை அவர்கள் குளிரிடமே கற்றுக்கொண்டனர். அடுப்பின்மேல் மட்டும் சாக்கு ஆகாது. ஒரு பொறி பறந்தால் லயம் முழுதும் சாம்பராகும்.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். மூன்று கல் அடுப்பினும் குறைந்த விறகு கொள்ளும் அனகி என்னும் மண்ணடுப்பு 1980களில் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. ஒரு வாயில் இட்ட தீ இரு பானைகளுக்குப் பயன்படும். நல்ல அடுப்புத்தான். ஆனால் மலைநாட்டு அடுப்பு சோறு சமைப்பதோடு நில்லாது, அறையையும் காய்ச்சுகின்றது. கூரையை அப்படியே விட்டு அடுப்பை மட்டும் மாற்றினால் விறகு மிஞ்சும், அறை குளிரும். குழந்தை நடுங்குவதைக் கண்ட தாய் மீண்டும் பழைய தீயையே மூட்டுவாள். அவளை அறியாதவள் என்று சொல்வது நியாயமாகாது. உட்கூரை, அடுப்பு, புகைபோக்கி என்னும் மூன்றும் ஒருங்கே வரவேண்டும்.

வீட்டின் திசையும் சிந்திக்கற்பாலது. எம்முன்னோர் மனையடி சாத்திரம் பார்த்தே கால் நட்டனர். அதன் பலன்களை நம்புவாரும் நம்பாதாரும் கதிரவனின் வழியை ஒப்புக்கொள்வர். குளிர் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்கிறான். அக்காலத்து மழையோ வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே தெற்கு நோக்கிய அகன்ற சாளரமும், வடகிழக்கிற் தாழ்ந்த இறவாணமும் சிறு திறப்புக்களும் பொருந்தும். ஒரு பக்கத்தை மலை நிழல் நண்பகல் வரை மறைக்குமாயின் கணக்கு மாறும். இவற்றை நிலத்திற் சென்று நின்று பார்த்தே அறியலாம்; கொழும்பு மேசையிலிருந்து அறியலாகாது.

சுவருக்கு வருவோம். 1917 இற் பிறந்து 2007 இல் மறைந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இமயமலைப் பிதோராகரில் பல்லாண்டு வாழ்ந்து, மலைமக்கள் கைக்கெட்டிய பொருளாற் கட்டும் முறையைக் கற்றார். பின்பு கேரளத்திலே செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். செங்கல்லிற் காற்பங்களவு மிஞ்சும்; பொந்திலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். சூளையில் வேகாத, சிறிது சீமெந்து கலந்து அழுத்திய மண்கல்லும் உண்டு. சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திற் சுடவேண்டும் என்பதை எண்ணினால், அதைக் குறைப்பதன் பயன் விளங்கும்.

இவையாவும் நிலம் நிலைத்த பின்னரே. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை மறவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் பதுளை மாவட்டத்திற் பல சரிவுகளை விளைத்தது. சரிவை வெட்டிச் சமன் செய்து, நீரோடும் வழியை அடைத்துக் கட்டிய வீடு எத்துணை மின்சாரம் சேமிப்பினும் பசுமை வீடாகாது.

இந்திய உதவியால் மலையகத்தில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் பற்றிய பேச்சு நீண்டகாலமாகவே நடைபெறுகிறது. அவ்வீடுகள் வேண்டா என்பேம் அல்லேம். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரும் அக்காம்பிராவுக்கு உரியவரல்லர். தமதல்லாத கூரைக்கு உட்கூரை போட எவர் பணம் செலவிடுவர்? ஆகையால் உறுதிப் பத்திரமே முதற் பசுமைத் தொழில்நுட்பம் என்று துணிந்து சொல்வோம். அது கிடைக்கும் வீட்டிற்கு மலைக்கேற்ற படம் முன்னரே இருத்தல் வேண்டும். அத்திவாரம் போட்ட பின் வீட்டைத் திருப்ப இயலாது.

எமது கல்லூரிப் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். ஏழு பேர்ச்சுக்கு ஏற்ற மலைநாட்டு வீட்டுப் படமொன்றை அவர்கள் கூடி வரைந்து அளித்தால், அதை எடுத்துச் சென்று உரியோரிடம் வாதாடலாம். வாதத்திற்குச் சான்று வேண்டுமே! விஞ்ஞான ஆய்வுகூடத்து வெப்பமானிகளுள் இரண்டை, ஸ்பிரிங்வெளியில் ஒரு லயக் காம்பிராவிலும் உட்கூரையிட்ட ஒரு புதிய வீட்டிலும் தொங்கவிட்டு, எரித்த விறகின் நிறையையும் சேர்த்து ஓராண்டு குறித்துவர மேல்வகுப்பு மாணவர் இருவர் போதும். மார்கழிக் குளிர் தொடங்குமுன் அவர்கள் புறப்படலாம்.