முதல் எழுத்துக்கு ஒரு பக்கம்



இம்மாதம் ஒரு சஞ்சிகையைப் பற்றி எழுதுகிறேன். சேமிப்பு, சுகாதாரம் பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். தொடர்பு இருக்கிறது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்ற முடிதிருத்தும் நிலையம் இருந்தது. அங்கே தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966 ஓகஸ்ட் மாதம் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். சிறுவயதிலேயே படிப்பை நிறுத்தியவர் அவர். சாதியின் பெயரால் அவமானப்பட்டவர். ஆனாலும் வாசித்து வாசித்தே எழுத்தாளரானார். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

தான் பேர் பெற்றது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அந்தச் சலூனே மல்லிகையின் அலுவலகமாகவும் இருந்தது. இதழ்களைத் தானே சுமந்து, வீதிகளிலும் கூட்டங்களிலும் விற்றார். புதியவர்களுக்கு இடம் கொடுத்தார். நம் நாட்டு எழுத்தாளர்களின் படங்களை அட்டையில் போட்டார். சிங்களக் கதைகளையும் தமிழில் தந்தார். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போன பின்பும் மல்லிகை நிற்கவில்லை. 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வந்தது. ஜீவா 2021 ஜனவரியில் காலமானார்.

எங்கள் வன்னியிலும் எழுத்து உண்டு. பரந்தன் மண்ணைச் சேர்ந்த தாமரைச்செல்வி, கிளிநொச்சி விவசாயக் குடும்பங்களின் வாழ்வைக் கதைகளாகவும் நாவல்களாகவும் தந்தவர். பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இடம் கொடுத்தபடியால்தான் அப்படியான எழுத்து எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது, கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களில் பாட்டும் கவிதையும் எழுதி வைத்திருப்பவர்களைக் காண்கிறேன். கேட்டால், "இதெல்லாம் ஒரு எழுத்தே, பிள்ளை?" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். 2009 இல் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ கொப்பிகள் வழியில் போயின. மிஞ்சியவற்றையும் நாங்களே மூடி வைக்கலாமா?

என்னைப் போன்றவர்கள் எழுதும் அறிக்கையில் நீங்கள் 'பெண் தலைமைக் குடும்பம்' என்ற ஓர் எண்ணிக்கை மட்டுமே. காணாமற்போன மகனைத் தேடி நடந்த நடையும், மீளக்குடியேறி முதல் நெல் வெட்டிய நாளும் அந்தப் படிவத்தில் வராது. அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இதற்கு அச்சகமோ பெருந்தொகைப் பணமோ தேவையில்லை. உங்கள் சங்கத்தில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை தொடங்குங்கள். எட்டுப் பக்கம் போதும். எழுதத் தெரியாத அம்மா சொல்ல, மகள் எழுதட்டும். பெயர் போட விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் சம்மதித்ததை மட்டும் மாதக் கூட்டத்தில் வாசியுங்கள். பிழைகளைப் பிறகு திருத்தலாம். ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்தில் பத்திரப்படுத்துங்கள்.

சலூன் கதிரைகளுக்கு நடுவே ஒரு சஞ்சிகை 'எழுதுங்கள்' என்று மற்றவர்களை அழைத்தது. எங்கள் சங்கக் கொட்டிலிலும் அப்படி அழைக்கலாம். முதல் பக்கத்தை எழுதப் போவது யார்?