எந்தத் தேர்வு, யாருக்கு?

"அண்ணே, நெட்வொர்க் செக்யூரிட்டி சர்டிபிகேட் வாங்கினா வேலை நிச்சயமா?" என்று பெரம்பலூர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்தத் தேர்வு என்பதுதான் பேச்சே. உயர்நிலைப் பாதுகாப்புத் தேர்வான சிஐஎஸ்எஸ்பியின் முழுத் தகுதிக்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். கல்லூரி முடித்த கையோடு அதற்குப் பணம் கட்டச் சொல்லும் பயிற்சி மையத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடிப்படை நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்கே தேர்வுக் கட்டணம் 300 டாலர். 3 ஆண்டில் காலாவதி. சின்ன வெங்காயத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் பாடம் வீண்போகாது.

அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு நெட்வொர்க் வேலைக்குப் போகிறவன் நான். எடைமேடைக் கணினி இணைப்பு அறுந்தால் லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். அப்போது சுண்ணாம்புத் தூசி அப்பிய சுவிட்சில் எந்த போர்ட் செத்தது, ஃபயர்வாலில் யாரோ அவசரத்துக்குத் திறந்து மூடாமல் விட்ட வழி எது என்று கண்டுபிடிக்கிறவன்தான் தேவை. சைபர் தாக்குதலை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அந்த லாக்கைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். முதலில் அதில் கை பழகட்டும். சென்னை, பெங்களூரு கிளம்புகிறவர்கள் சிசிஎன்ஏ தேர்வுக்குப் பணம் கட்டலாம், அங்கே எச்ஆர் சர்டிபிகேட்டின் பெயரைப் பார்த்துத்தான் ரெஸ்யூமை வடிகட்டுகிறார். உள்ளூரில் என்னிடம் யாரும் இதுவரை சர்டிபிகேட் கேட்டதில்லை.