கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க!

ஹூக்ஸ் ஜாயின்ட் டெரிவேஷனைக் கண்ணை மூடிக்கிட்டு எழுதுற ஆட்கள் நம்ம மெக்கானிக்கல்ல எத்தனை பேர்? கிட்டத்தட்ட எல்லாருமே. ஆனா அதே ஜாயின்ட் ஒரு வண்டிக்கு அடியில அதிர்ந்தப்போ, எங்க டீம்ல இருந்த ஆறு பேருக்கும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கே வரல. அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்க சொல்லப் போறேன்.

சிம்போசியத்துல வைக்க ஒரு பழைய பிக்கப்பைப் பிடிச்சு, பின்பக்கத்தை இறக்கினோம். பட்டைக்கு அடியில இருந்த ஆக்ஸிலைப் பட்டைக்கு மேலே கொண்டு வந்து, புது சீட் வெல்டு வச்சோம். 5 இன்ச் இறங்குச்சு. வண்டி செம கெத்து. (கேம்பஸுக்குள்ள மட்டும்தான் ஓட்டினோம். இப்படி மாத்தின வண்டியை ரோட்டுல இறக்குறதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு அனுமதிக்காது.) ஆனா 40 கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஃப்ளோர் முழுக்க 'உர்ர்ர்'னு ஒரு அதிர்வு.

உடனே என்ன பண்ணோம்? வீல் பேலன்சிங். போகல. ரெண்டு கிராஸும் புதுசு. போகல. ஷாஃப்டைக் கழட்டி பேலன்சிங் கடைக்குக் கொண்டு போனோம். அப்பவும் போகல. எல்லார்கிட்டயும் வசூல் பண்ணின காசுல 9,000 ரூபாய் காலி. கடைசில அந்தக் கடை அண்ணன்கிட்டயே போய், "நீங்க சரியா பண்ணலண்ணே"ன்னு சண்டை போட்டோம். அவர் அமைதியா கேட்டார்: "தம்பி, ஷாஃப்ட் நல்லாத்தான் இருக்கு. வண்டியில புதுசா எதை மாத்துனீங்க?" நாங்க பதில் சொல்லாம வந்துட்டோம்.

அந்த ஒரு கேள்வியிலதான் மொத்த டயக்னோசிஸும் இருந்துச்சு.

கோணத்துல சுத்துற ஒரு ஜாயின்ட், வெளியே வர்ற வேகத்தை ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை ஏத்தி இறக்கும். ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருந்து, யோக்குகளும் ஒரே நேர்ல இருந்தா, ஒண்ணு பண்றதை இன்னொண்ணு சரி பண்ணிடும். அதாவது கியர்பாக்ஸ் அச்சும் பினியன் அச்சும் இணையா இருக்கணும். வண்டி இறங்கினதால மட்டும் இந்தச் சமன் கெடாது. ஆக்ஸில் உருண்டு பினியன் மூக்கு தூக்கினாத்தான் கெடும். நாங்க சீட்டை வெல்டு பண்ணினப்போ பினியன் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு யாருமே பார்க்கல.

ஒரு வாரம் கழிச்சுத்தான் கணக்குப் போட்டோம். டயர் சுற்றளவு 2 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் நொடிக்கு 5.5 சுத்து. ஆக்ஸில் ரேஷியோ 4, அதனால ஷாஃப்ட் 22 சுத்து. சக்கரம் காரணம்னா அதிர்வு 5.5 ஹெர்ட்ஸ்ல இருக்கணும். ஷாஃப்ட் பேலன்ஸ்னா 22. ஜாயின்ட் கோணம்னா 44. போனை ஃப்ளோர்ல ஒட்டி, அதிர்வு பார்க்குற ஆப்பைப் போட்டு ஓட்டினோம். முள்ளு மாதிரி 44-ல நின்னுச்சு!

அப்புறம் சமதளத்துல, சக்கரம் தரையில ஊன்றி நிக்கும்போது கோணம் எடுத்தோம். (சேஸிஸுக்கு ஜாக்கி வச்சுத் தூக்கி அளந்தா ஆக்ஸில் தொங்கிடும், கணக்கு தப்பும்.) பின்பக்கம் நோக்கிச் சரிவு: கியர்பாக்ஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 1, பினியன் 8. அப்போ முன் ஜாயின்ட்ல 2 டிகிரி, பின் ஜாயின்ட்ல 7. ரெண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள இருக்கணும்கிறது பொது விதி. எங்களுக்கு 5!

பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவுல 6 டிகிரி இரும்பு ஆப்பு வச்சோம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பட்டை முறுகி பினியன் மூக்கு கொஞ்சம் தூக்கும். அதுக்காகத்தான் 5-க்குப் பதிலா 6. அதிர்வு போயிடுச்சு. எங்களுக்கே நாங்க வச்ச ஆப்பை இன்னொரு ஆப்புதான் எடுத்துச்சு!

"பார்ட் மாத்திப் பார்க்குறதும் கத்துக்குறதுதானே"ன்னு சில நண்பர்கள் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மாத்தி மாத்திப் பார்த்து அதிர்வு தற்செயலா போயிருந்தாலும், ஏன் போச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த 9,000 ரூபாய் எங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தரல. காசே வாங்காத ஒரு ஆப்பும் ஒரு கழித்தல் கணக்கும்தான் சொல்லித் தந்துச்சு.

தப்பு எங்க மேலதான். ஆனா நம்ம லேப் மேலயும் கொஞ்சம் இருக்கு. செமஸ்டர் முழுக்க நல்லா ஓடுற மாடலைத்தான் சுத்திப் பார்க்குறோம். வேணும்னே கெடுத்து வச்ச ஒரு வண்டியைக் காட்டி, "எதையும் கழட்டாம காரணத்தைச் சொல்லு"ன்னு ஒரு பிராக்டிகல் வந்தா எப்படி இருக்கும்? ஹெச்ஓடி சார்கிட்ட லெட்டர் கொடுத்திருக்கோம்.

அந்தக் கடை அண்ணன்கிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரிச்சுக்கிட்டே டீ சொன்னார். "அடுத்த தடவை முதல்ல என்கிட்ட கேளுங்க, அப்புறம் சண்டை போடுங்க"ன்னார்.