மனநோய்க்கான மருந்து: பெயரில் இருக்கிறதா குணம்?

"ஆஸ்பத்திரிக் குளிசை வேலை செய்யாது, வெளியில் நல்ல கம்பெனி மருந்தை வாங்குங்கள்." நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிரஷரையும் சீனியையும் அளந்து பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்று அறியலாம். மனச்சோர்வை அளக்க அப்படியொரு கருவி இல்லை. அதனால்தான் மனநோயாளிகளின் குடும்பங்களில் இந்தச் சந்தேகம் ஆழமாக வேரூன்றுகிறது.

ஒரு மருந்தின் காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் அதைத் தயாரிக்கலாம். அதுவே ஜெனரிக் மருந்து. 'ப்ரோசாக்' என்ற பெயரில் அறிமுகமான ப்ளுஒக்சற்றீன் 2001இல் அமெரிக்காவில் ஜெனரிக்காக வந்தது. நிறமும் வடிவமும் மாறலாம், மூலப்பொருள் ஒன்றே. விலை குறைவதற்குக் காரணம் போட்டியே தவிர, மருந்தின் வீரியம் குறைந்தது அல்ல.

இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் நமது நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவரது சிந்தனையின் விளைவு. மருந்துச் சீட்டில் பொதுப்பெயர் எழுதப்பட வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வலியுறுத்துகிறது.

ஆனாலும் மக்களின் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பாடாகின. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். அமெரிக்காவிலும் 2012இல், மனச்சோர்வுக்கான பியூப்ரோபியோனின் 300 மில்லிகிராம் ஜெனரிக் ஒன்று மூல மருந்துக்குச் சமமாக இயங்கவில்லை எனக் கண்டறியப்பட்டு விலக்கப்பட்டது. ஆக, பிரச்சினை ஜெனரிக் என்ற வகையில் இல்லை, கண்காணிப்பில் இருக்கிறது. வர்த்தகப் பெயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அந்தக் கண்காணிப்புக்கு ஈடாகாது.

நம் சமூகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளினிக் வரிசையில் யாராவது கண்டுவிட்டால் பிள்ளையின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம். அதனால் தூரத்து நகரத்து பாமசியில் அதிக விலைக்கு இரகசியமாக வாங்குகிறார்கள். பணம் முடையானதும் ஒரு குளிசையைப் பாதியாக்குகிறார்கள். பிறகு நிறுத்தியே விடுகிறார்கள். நோய் திரும்பும்போது பழி மருந்தின் மீதும், சில வேளை ஜின்னின் மீதும் விழுகிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை எளியவை. மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிசையின் நிறமோ பெட்டியோ மாறினால், நிறுத்தாமல், அதே மருந்துதானா என்று பாமசியில் கேளுங்கள். மாற்றிய பின் நித்திரையோ நடத்தையோ குழம்பினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். லித்தியம் எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் அளவு சற்றுக் கூடினாலும் நஞ்சாகும் என்பதால், நிறுவனம் மாறும்போது இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோன்பு நோற்பதற்கு முன்னரும் அவரது ஆலோசனை அவசியம். அவசரத்துக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

நோய்க்கு மருந்து தேடுவது நமக்குச் சுன்னத்தான வழி. சிறுநீரக நோயாளிக்காக ஜும்ஆவில் உதவி கேட்கும் நம் பள்ளிவாசல்கள், மனநோயாளியின் மாதாந்த மருந்துச் செலவையும் பைத்துல்மால் கணக்கில் சேர்க்கட்டும். இலவசக் குளிசையை வெட்கமின்றி வாங்கும் நிலை வந்தால், "நல்ல கம்பெனி" தேடி அலையும் தேவை பாதியாகக் குறைந்துவிடும்.