சேர்ந்து வாழ உரிமை உண்டு. காவல் நிலையத்தில் அது செல்லுபடியாகிறதா? தன்பாலீர்ப்பாளர் குறித்த சட்டம் இன்று எங்கே நிற்கிறது?

குடிபாலா (சித்தூர்): ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது குடிபாலா மண்டலம். இங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் வேலூர் மாவட்டம் தொடங்கிவிடும். எல்லைக்கு இப்பால் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். அப்பால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வாழ்வது குறித்து இவ்விரு நீதிமன்றங்களும் ஆறு மாத இடைவெளியில் ஏறத்தாழ ஒரே முடிவை அறிவித்துள்ளன. ஆனால், அந்த முடிவு காவல் நிலையத்தின் வாசலை எட்டியிருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

இரு மாநிலங்கள், இரு ஆட்கொணர்வு மனுக்கள்

தன்னுடன் வாழ்ந்த பெண்ணை அவருடைய தந்தை நர்சிப்பட்டினத்தில் அடைத்து வைத்திருப்பதாகக் கூறி, ஒரு பெண் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2024 டிசம்பரில் அதை விசாரித்த நீதிபதிகள் ஆர்.ரகுநந்தன் ராவ், கே.மகேஸ்வர ராவ் அமர்வு, வயது வந்த அப்பெண்ணுக்குத் தம் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று கூறியது. இருவரும் சேர்ந்து வாழ்வதில் பெற்றோர் தலையிடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

அடுத்த வழக்கு எல்லைக்கு அப்பால் எழுந்தது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகச் சேர்த்துத் தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனுவில், 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்பளித்தது. 25 வயதான பெண்ணை நீதிபதிகள் நேரில் விசாரித்தனர். குடும்பத்தினர் தம்மைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்று அடித்ததாகவும், ‘இயல்பான’ பெண்ணாக மாற்றுவதற்காகச் சில சடங்குகளைச் செய்ய வைத்ததாகவும் அவர் தெரிவித்தார். அவரை விருப்பம்போல் செல்ல அனுமதித்த நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது என்றும் குறிப்பிட்டது.

இத்தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. மனுதாரர் தம்மை அப்பெண்ணின் நெருங்கிய தோழி என்றே மனுவில் குறிப்பிட்டிருந்தார். உண்மையான உறவைச் சொல்ல அவருக்கு இருந்த தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே என்றனர் நீதிபதிகள். புகார் கிடைத்தும் செயல்படாமல், அப்பெண்ணைப் பெற்றோருடன் செல்லக் கட்டாயப்படுத்தியதாகக் காவல் துறையை அவர்கள் கண்டித்தனர். இத்தகைய புகார்கள் வந்தால் உடனடியாகச் செயல்பட்டுப் பாதுகாப்பு அளிப்பது காவல் துறையின் கடமை என்றும் தெளிவுபடுத்தினர்.

குற்றம் நீங்கியது; அங்கீகாரம் வரவில்லை

வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால், 2023 அக்டோபர் 17 அன்று வெளியான தன்பாலினத் திருமண வழக்கின் தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். திருமணமல்லாத இணைவாழ்வுக்குச் சட்ட அங்கீகாரம் அளிப்பதையும் மூவர் ஏற்கவில்லை. இருவர் மட்டுமே ஆதரித்தனர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

2023 தீர்ப்புக்குப் பின்னர் மத்திய அரசு சில நிர்வாக விளக்கங்களை அளித்தது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெரிவித்தது. குடும்ப அட்டையிலும், இறந்த துணையின் உடலைப் பெற்றுக்கொள்வதிலும் பாகுபாடு கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இவை அறிவுறுத்தல்களே, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. வாரிசுரிமை, தத்தெடுப்பு ஆகியவை பழைய நிலையிலேயே உள்ளன.

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். இலங்கையிலோ தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் முடிவு செய்தது. இந்தியா இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்கிறது.

377 போனதும் எழுந்த வெற்றிடம்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் 377-வது பிரிவு முழுவதுமாக விடுபட்டுள்ளது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முன்னேற்றமே. ஆனால் 2018 தீர்ப்பு, மனமொத்த உறவை மட்டுமே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. சம்மதமின்றி ஆண் மீது நடத்தப்படும் பாலியல் வன்முறைக்கு அந்தப் பிரிவு தொடர்ந்து பயன்பட்டு வந்தது. ஆயுள் தண்டனை வரை விதிக்க அதில் இடமிருந்தது.

புதிய சட்டத்தின் 63-வது பிரிவு பாலியல் வன்கொடுமையை, ஓர் ஆண் பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாகவே வரையறுக்கிறது. இதனால் 18 வயது நிறைந்த ஆண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால், அதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. காயம் விளைவித்தல், தாக்குதல் போன்ற பொதுப் பிரிவுகளையே நாட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இக்குறை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவர், சிறுமியர் இருபாலருக்கும் பொருந்தும்.

திருநர்களின் உரிமைகளுக்காக 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், அவர்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று விதித்தது. பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. இந்த வேறுபாட்டுக்கு நடுவில், திருநங்கையும் பெண்ணே. கணவர் வீட்டாரின் கொடுமைக்கு எதிராக 498அ பிரிவின் கீழ் அவர் புகார் அளிக்கலாம் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் கூறியது குறிப்பிடத்தக்கது. எனினும், குற்றச்சாட்டுகள் போதிய விவரமின்றி இருந்ததால் அந்த வழக்கு ரத்து செய்யப்பட்டது.

சம்மதமற்ற செயல்களுக்கேனும் 377-ஐத் தக்கவைக்க வேண்டும் என்று உள்துறை விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023-லேயே பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 2024 அக்டோபரில் இது தொடர்பான பொதுநல மனு வந்தபோது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி எனக் கூறி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

பாலியல் தொழிலிலும் இதே இடைவெளி

1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துவதையும், பிறரை இத்தொழிலில் ஈடுபடுத்துவதையும், பொது இடத்தில் அழைப்பு விடுப்பதையும் தண்டிக்கிறது. வயது வந்த ஒருவர் தாமே விரும்பிப் பாலியல் தொழிலில் ஈடுபடுவதை மட்டும் அது குற்றமாக்கவில்லை. அத்தகையோரைச் சோதனைகளின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கும் ஏட்டில் உள்ள உரிமை, சோதனைக்கு வரும் காவலரின் புரிதலைப் பொறுத்தே நடைமுறையாகிறது.

முதல் ஒரு மணி நேரம்

தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பால்புதுமையரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்ற விதியைச் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் பிறப்பித்த உத்தரவுகளின் விளைவு அது. அந்த விதி இருந்தும், வேலூர் வழக்கில் காவல் துறை கண்டனத்துக்கு உள்ளானது.

எல்லையோர மக்களுக்குப் பயன்படக்கூடிய வழி ஒன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளது. சம்பவம் எங்கு நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்கிறது அதன் 173-வது பிரிவு. குடிபாலாவில் நடந்த குற்றத்துக்குக் காட்பாடியிலும் புகார் அளிக்கலாம். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

இவ்வழக்குகளில் பெண்களை விடுவித்தது உயர் நீதிமன்றம். ஆனால், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்படும் ஒருவர் முதலில் நிறுத்தப்படும் இடம் காவல் நிலையம். அங்கே, ‘நீங்கள் யாருடன் செல்ல விரும்புகிறீர்கள்?’ என்று அவரிடம் தனியே கேட்கப்பட்டால், ஆட்கொணர்வு மனுவுக்கே பல நேரங்களில் தேவை இராது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை, இந்த உரிமையின் காப்பு அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.